ஆளுநரின் ஆணைப்படி

மாசிக் கடைசியில் தூத்துக்குடி மாவட்டம் புதூரில் ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். கையில் மஞ்சள் பை. பைக்குள் சிட்டா, அடங்கல், பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டிய ரசீது. எல்லாவற்றுக்கும் மேலே நாலாக மடித்த ஒரு ஜெராக்ஸ். பயிர்ச்சேத நிவாரணம் பற்றிய பழைய அரசாணை அது. எத்தனை கை மாறி வந்ததோ, மடிப்பில் எழுத்தே தேய்ந்திருந்தது.

"தம்பி, காய் முத்திப் பறிக்கிற நேரத்துல மழை அடிச்சு உளுந்து செடியிலயே முளைச்சுப் போச்சு. கேட்டா, அங்க போ, இங்க போங்கிறாங்க. கவர்னருக்கே நேரா ஒரு மனு எழுதிப் போட்டுருவோம்" என்றார்.

கவர்னருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவர் ஜெராக்ஸை விரித்து விரலை வைத்துக் காட்டினார். கடைசிப் பக்கத்தின் அடியில், அரசுச் செயலாளரின் பெயருக்கு மேலே, அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: ஆளுநரின் ஆணைப்படி.

"அவரு ஆணைதான? அப்ப அவருதான தரணும்?"

கேள்வியில் தப்பே இல்லை. எழுதியிருப்பதைத்தான் அவர் படித்தார். அந்த ஒரு வரிக்கு என்ன பொருள் என்று நம் பள்ளிக்கூடங்களில் யாரும் விளக்கிச் சொல்லவில்லை. அந்த வரி புரிந்துவிட்டால், ஆளுநர், குடியரசுத் தலைவர் என்ற இரண்டு பதவிகளின் பாதிக் கதை புரிந்துவிடும்.

மாநிலத்தின் நிர்வாக அதிகாரம் ஆளுநரிடம் இருப்பதாக அரசியலமைப்புச் சட்டத்தின் 154-வது பிரிவு சொல்கிறது. அரசின் நடவடிக்கைகள் எல்லாம் அவர் பெயரால் வெளிவர வேண்டும் என்று 166-வது பிரிவு சொல்கிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் 163-வது பிரிவு நிற்கிறது. முதலமைச்சர் தலைமையிலான அமைச்சரவையின் ஆலோசனைப்படியே ஆளுநர் செயல்பட வேண்டும். சட்டம் அவருக்கென்று விட்டுவைத்த சில இடங்கள் மட்டும் விலக்கு. 1974-இல் சம்ஷேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு இதைத் திட்டவட்டமாகச் சொன்னது. குடியரசுத் தலைவருக்கும் இதே நிலைதான். மத்திய அமைச்சரவை சொல்வதை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று ஒருமுறை அவர் திருப்பி அனுப்பலாம். மறுபடியும் அதையே சொன்னால் அவர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆக, பெரியவர் கையிலிருந்த அரசாணையில் ஆளுநரின் பெயர் இருந்தது; முடிவு அமைச்சரவையுடையது. நிவாரணம் வரவில்லை என்றால் கேட்க வேண்டியவர்கள் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள். ஆளுநர் நம் ஓட்டில் வந்தவர் அல்ல. குடியரசுத் தலைவர் நியமித்து, அவர் விரும்பும் வரை பதவியில் இருப்பவர்.

அப்படியானால் ஆளுநர் வெறும் பெயர்தானா? இல்லை. சில காகிதங்கள் அவர் மேஜையைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் 'முடியாது' என்று சொல்வதைவிட, ஒன்றும் சொல்லாமல் வைத்திருப்பதுதான் நம்மைப் போன்றவர்களை அதிகம் பாதித்திருக்கிறது.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் மசோதா செப்டம்பர் 15-ஆம் தேதி சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதற்கு முந்தைய ஆண்டு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மானாவாரிக் காட்டில் பயறு பறித்தும், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தும் பிள்ளையைப் படிக்கவைக்கும் கரிசல்காட்டுப் பெற்றோருக்கு அந்த மசோதா என்னவாக இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் 16-ஆம் தேதி நீட் முடிவும் வந்துவிட்டது. மசோதாவில் மட்டும் கையெழுத்து விழவில்லை. முடிவெடுக்க மூன்று, நான்கு வாரம் ஆகும் என்று அப்போதைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித் தரப்பிலிருந்து பதில் வந்தது. கலந்தாய்வு வாசலில் பிள்ளைகள் நிற்கிறார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகளே வேதனைப்பட்டுப் பேசினார்கள்.

அக்டோபர் 29-ஆம் தேதி மாநில அரசு காத்திருப்பதை விட்டுவிட்டு, தன் நிர்வாக அதிகாரத்தைக் கொண்டு ஒதுக்கீட்டை அரசாணையாகவே போட்டது. மறுநாள் மசோதாவுக்கு ஒப்புதல் வந்தது. இதில் கவனிக்க ஒன்று உண்டு. ஆளுநரின் கையெழுத்துக்குக் காத்திராமல் போட்ட அந்த அரசாணையும் ஆளுநரின் பெயரால்தான் வெளிவந்தது. பெயர் எது, அதிகாரம் எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

நாற்பத்தைந்து நாள் தாமதத்தை அன்று அரசாணையால் தாண்ட முடிந்தது. எல்லாவற்றையும் அப்படித் தாண்ட முடியாது. ஆன்லைன் சூதாட்டத் தடையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபர் தொடக்கத்தில் ஆளுநர் ஆர்.என். ரவி அவசரச் சட்டத்துக்குக் கையெழுத்திட்டார். அவசரச் சட்டத்துக்கு ஆயுள் குறைவு. சட்டமன்றம் கூடிய ஆறு வாரத்தில் காலாவதியாகிவிடும். அதனால் அக்டோபர் 19-ஆம் தேதி அதையே மசோதாவாக நிறைவேற்றி அனுப்பினார்கள். நவம்பர் கடைசியில் அவசரச் சட்டம் காலாவதியானது. மசோதா கிண்டி ஆளுநர் மாளிகையிலேயே இருந்தது. 2023 மார்ச்சில் அது திரும்பி வந்தது. சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்ப, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. இடைப்பட்ட நாலு மாதத்துக்கு மேல் தடையே இல்லை. (பின்னர் உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டையும் அந்தத் தடையிலிருந்து விலக்கியது வேறு விஷயம்.)

மசோதா வந்தால் ஆளுநர் என்ன செய்யலாம் என்று 200-வது பிரிவு சொல்கிறது. ஒப்புதல் தரலாம். நிறுத்திவைக்கலாம். குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். பண மசோதா அல்லாததை இயன்ற விரைவில் சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பலாம். மறுபடி நிறைவேறி வந்தால் ஒப்புதலை மறுக்கக் கூடாது. 'இயன்ற விரைவில்' என்பது எத்தனை நாள்? சட்டம் சொல்லவில்லை. பத்து மசோதாக்கள் தேங்கிக் கிடந்தது அந்த ஓட்டையில்தான். அவற்றில் பெரும்பாலானவை பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் பற்றியவை. பழையது 2020 ஜனவரியில் போனது. 2023 நவம்பரில் ஆளுநர் நிறுத்திவைத்தார். அதே மாதம் 18-ஆம் தேதி சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார்.

2025 ஏப்ரல் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும், இப்படி அனுப்பியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார்கள். பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றார்கள். ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடு வைத்தார்கள். நம்மில் பலர் அதோடு செய்தியை விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு நடந்ததும் தெரிந்திருக்க வேண்டும். குடியரசுத் தலைவர் பதினான்கு கேள்விகள் எழுப்பி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். அதே ஆண்டு நவம்பர் 20-ஆம் தேதி தலைமை நீதிபதி கவாய் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் பதில் தந்தார்கள். காலக்கெடுவை நீதிமன்றம் விதிக்க முடியாது. ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வதும் கூடாது. அதே சமயம் சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பாமல் மசோதாவை அப்படியே முடக்கிவைக்க ஆளுநருக்கு அதிகாரம் இல்லை. காரணம் சொல்லாமல் நெடுநாள் வைத்திருந்தால், முடிவெடுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். என்ன முடிவு என்று சொல்லாது.

இது மாநிலங்களுக்குப் பின்னடைவுதான் என்பது என் எண்ணம். நாளைக் குறிக்காத கடமை, கடமையாகவே நிற்காது. ஆனாலும் 'கேட்கவே முடியாது' என்ற நிலை இல்லை.

குடியரசுத் தலைவரிடம் போய்விட்ட மசோதாவுக்கு இந்த அளவுப் பாதுகாப்புகூடக் கிடையாது. 201-வது பிரிவின்படி அவர் மறுத்துவிட்டால், சட்டமன்றம் எத்தனை முறை நிறைவேற்றினாலும் கட்டாயப்படுத்த வழியில்லை. நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பரில் நிறைவேறி, 2022 பிப்ரவரியில் திரும்பி வந்து, மறுபடி நிறைவேறி, டெல்லிக்குப் போனது. குடியரசுத் தலைவர் மறுத்துவிட்டார் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள்.

பாளையங்கோட்டைச் சிறையில் உறவினர் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. தண்டனையைக் குறைக்கவும் மன்னிக்கவும் 161-வது பிரிவு ஆளுநருக்கு அதிகாரம் தருகிறது. அதையும் அமைச்சரவை சொல்கிறபடிதான் செய்ய வேண்டும். ஆயுள் தண்டனைக் கைதியான பேரறிவாளனை விடுவிக்க 2018 செப்டம்பர் 9-ஆம் தேதி தமிழக அமைச்சரவை பரிந்துரைத்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் முடிவெடுக்காமல் இருந்த ஆளுநர், 2021 ஜனவரியில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அதற்கு அவருக்கு அதிகாரமில்லை என்று சொல்லி 2022 மே 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றமே அவரை விடுவித்தது. அந்த வழக்கின் அரசியலில் உங்கள் நிலை எதுவானாலும், அதில் கிடைத்த சட்டம் எல்லாக் கைதிகளுக்கும் உரியது.

ஆட்சிக் கலைப்பைப் பற்றியும் பயம் உண்டு. 1991 ஜனவரி 30-ஆம் தேதி கருணாநிதி அரசு கலைக்கப்பட்டபோது ஆளுநர் பர்னாலா அதற்கு அறிக்கை தர மறுத்தார். 356-வது பிரிவில் அறிக்கை 'அல்லது வேறு வகையில்' என்று இருக்கும் சொற்களைப் பிடித்துக்கொண்டு கலைத்தார்கள். அவரைப் பீகாருக்கு மாற்றினார்கள். அவர் பதவியை விட்டு விலகினார். 1994-இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சட்டமன்றத்தில்தான் பார்க்க வேண்டும். கலைத்ததை நீதிமன்றம் ஆராயலாம்.

இனி நமக்கு உள்ள வழி. நம் பகுதிக்கு வேண்டிய மசோதாவோ, நம் வீட்டு ஆளின் தண்டனைக் குறைப்போ நின்றுபோனால், 'அரசியல்' என்று விட்டுவிடாமல் கோப்பு எந்த மேஜையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, சம்பந்தப்பட்ட துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் போதும். ஆளுநர் மாளிகைக்கும் இதே போல எழுதலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. ஆளுநர் பதவியில் இருக்கும்போது அவரை நேரடியாக நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. அவர் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் நீதிமன்றம் பார்க்க முடியும். தூத்துக்குடி மாவட்டத்துக்கு அந்த வாசல் மதுரைக் கிளை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100.

ஆளுநர் மாளிகையில் ஆள் இருக்கிறது, டெல்லியில் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டு வருகிறவரை நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதீர்கள். ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ அனுப்பும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

பெரியவரின் மனுவை அன்றே எழுதினோம். மேலே மாவட்ட ஆட்சியர் என்று போட்டோம். நகல் வட்டார வேளாண்மை அலுவலகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும். காப்பீட்டுப் புகாருக்கான 14447 எண்ணை அவர் ரசீதின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் தூத்துக்குடிக்கு நேரில் போய்க் கொடுத்தார். நீங்களும் மனு கொடுத்தால், பதிவு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பி வராதீர்கள்.