ஒகேனக்கல் குழாயில் ஜப்பான் கடன்

வெளியுறவுக் கொள்கை என்றதும் 'அது டெல்லிக்காரங்க சமாச்சாரம், நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஜவளகிரிக்காரனான எனக்கு அது குடிதண்ணீர் வழியாகத்தான் புரிந்தது.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாறை பூமி. பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு எலும்பு வலி. இதற்காகவே வந்தது 1,928.80 கோடி ரூபாய் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008-ல் அதற்கு நீண்டகாலக் கடன் கொடுத்தது ஜப்பான். 2013-ல் திட்டம் துவக்கி வைக்கப்பட்டது. (2008-ல் இதற்காகக் கர்நாடகத்தோடு பெரிய தகராறு. வேடிக்கை என்னவென்றால், பெங்களூரின் காவிரிக் குடிநீர்த் திட்டத்துக்கும் கடன் கொடுத்தது அதே ஜப்பான்தான்!)

பத்து வருஷம் முன்பு இந்தக் கடன் கிடைத்திருக்காது. 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டு சோதனை செய்தது. ஹிரோஷிமா, நாகசாகியைப் பறிகொடுத்த ஜப்பானுக்குக் கடுங்கோபம். புதிய யென் கடன்களை நிறுத்தியது. தனி நாடுகளில் நமக்கு அதிகம் கடனுதவி செய்தது அப்போது ஜப்பான்தான். இருந்தும் டெல்லி அசையவில்லை. நாட்டுப் பாதுகாப்பு என்று வந்துவிட்டால் கடன் கொடுத்தவர் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

ஆனால் ஜப்பானாலும் வெகுநாள் முறைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதன் சுசுகி கம்பெனி மாருதியில் காலூன்றியிருந்தது. நம்ம ஓசூர் டி.வி.எஸ்.ஸிலும் 2001 வரை சுசுகி கூட்டாளி. 2000 ஆகஸ்டில் பிரதமர் மோரி இந்தியா வந்தார். 2001 செப்டம்பரில் அமெரிக்கா தன் தடைகளை விலக்கியது. அதன் நேச நாடான ஜப்பான் அடுத்த மாதமே விலக்கிவிட்டது. 2003-04-ல் யென் கடன் வாங்குவதில் சீனாவை முந்தியது இந்தியா. சீனாவின் வளர்ச்சியைப் பார்த்து ஜப்பானுக்கு ஏற்பட்ட கவலையும் இதற்கு ஒரு காரணம் என்பேன்.

அடுத்தது 2016 நவம்பர். அமெரிக்க அணு உலைகள் நமக்கு வேண்டுமென்றால் ஜப்பான் சம்மதிக்க வேண்டும். ஏனெனில் அவற்றைச் செய்யும் வெஸ்டிங்ஹவுஸ் அப்போது ஜப்பானின் தோஷிபா கையில். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேராத ஒரு நாட்டோடு ஜப்பான் முதன்முறையாகக் கையெழுத்திட்டது. கூடவே, இந்தியா மறுபடி சோதனை செய்தால் ஒத்துழைப்பை நிறுத்துவோம் என்ற தன் நிலையைத் தனிக் குறிப்பாக எழுதியும் வைத்தது.

1998-ல் புதுக்கடன் நின்றதோடு போயிற்று. இன்றைக்கு அப்படி ஒரு கோபம் வந்தால் புல்லட் ரயிலும் சென்னை மெட்ரோவும்கூட அந்தக் கணக்கில் வரும்.