கடைசிக் குழாயில் ஏன் சோதிக்கிறார்கள்?

கிராமத்து மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியபின், அதன் பலனைத் தொட்டியடியில் பாராமல், தெருக்கோடியிலுள்ள கடைசிக் குழாயில் போய்ப் பரிசோதிப்பது ஏன்? பவுடரிலுள்ள குளோரின் நீரில் கலந்தவுடன், அதிலுள்ள இரும்பு, அம்மோனியா, மக்கிய பொருள்கள் முதலியவற்றோடு கூடித் தன் சக்தியில் ஒரு பாகத்தைச் செலவிட்டுவிடுகிறது. அச்செலவு போக எஞ்சுவதே கிருமிகளை நாசம் செய்யும். அதற்கும் அரைமணி நேரமாவது அவகாசம் வேண்டும். அன்றியும், நீர் விடாத வேளையில் குழாயின் அழுத்தம் தணிய, விரிசல்கள் வழியே சாக்கடைநீர் உள்ளே கசியக்கூடுமாதலால், அங்கும் காவல் நிற்கச் சிறிது மிச்சமிருத்தல் அவசியம். ஆகவேதான் 2012-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம், குளோரினிட்ட நீரில், உபயோகிப்பவர் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டுமென விதிக்கிறது.

சோதனை எளிது: சிறு கண்ணாடிக் குழலில் நீரெடுத்து, ஆர்த்தோடோலிடின் திரவம் சில துளி விட்டால், குளோரின் இருப்பின் மஞ்சள் நிறம் தோன்றும். தோன்றாவிடில், வழியில் அழுக்கு கலந்திருக்கலாம், அல்லது மூட்டை திறந்துகிடந்து பவுடரின் வீரியம் போயிருக்கலாம். 30,000 லிட்டர் நீருக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 60 கிராம் குளோரின் வேண்டுமெனில், மூன்றிலொரு பங்கு குளோரினுள்ள புதிய பவுடர் 180 கிராம் போதும். வீரியம் பாதியான பழைய பவுடரோ 360 கிராம் பிடிக்கும். ஆதலால் கைப்பிடிக் கணக்கை நம்பாது, கடைசிக் குழாயின் நிறங்கண்டே அளவைத் தீர்மானித்தல் வேண்டும்.