மான் விழுந்த பிறகுதான் மலை!

அமெரிக்காவில் ஜூன், ஜூலை மாதங்களில் சில ஊர்களில் ஒரு வேடிக்கைக் காட்சியைப் பார்க்கலாம். நாற்பது, ஐம்பது வயதுக் கனவான்கள் முதுகில் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு, ஆளில்லாத விளையாட்டரங்கின் படிகளில் ஏறுவார்கள், இறங்குவார்கள், மறுபடியும் ஏறுவார்கள். ஏதோ பிரார்த்தனை போலிருக்கிறது என்று நமக்குத் தோன்றும். அதெல்லாம் ஒன்றுமில்லை. செப்டம்பர், அக்டோபரில் கொலராடோ மலைகளுக்கு வேட்டைக்குப் போகப் போகிறார்கள். அதற்குத்தான் இந்தத் தபஸ்!

அவர்கள் தேடிப் போவது ‘எல்க்’ என்னும் பெரிய மானை. நம் கடமானுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஆண் மான் சுமார் 300 கிலோ இருக்கும். அது உலாவும் இடங்களில் பல 10,000 அடி உயரத்தில் இருக்கின்றன. நம் தொட்டபெட்டா சிகரமே 8,650 அடிதான். 10,000 அடியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் நூற்றுக்கு 70 பங்குதான். சமவெளியில் எத்தனை பயிற்சி செய்தாலும் இந்தக் குறையை ஈடு செய்ய முடியாது. இரண்டு மூன்று நாள் முன்னதாகவே போய், மலைக்காற்று உடம்புக்குப் பழகும் வரை சும்மா இருக்க வேண்டும். தலைவலியும் வாந்தியும் வலுத்தால் வீரம் பேசாமல் கீழே இறங்கிவிடுவதே வைத்தியம்.

ஏறுவது கஷ்டம் என்பது யாருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய சங்கடம் இறங்குவதில் இருக்கிறது. நம்மவர்களில் வெள்ளியங்கிரி போய் வந்தவர்களைக் கேளுங்கள். மறுநாள் வீட்டு மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கியிருப்பார்கள்! இறங்கும்போது தொடைத் தசை, நீண்டுகொண்டே நம் கனத்தைத் தாங்கிப் பிரேக் போடுகிறது. பழக்கமில்லாத தசைக்கு அது பெரிய அடி. ஆனால் ஒரு முறை அந்த வலியை அனுபவித்து ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அத்தனை சுலபத்தில் நோகாது. ஆகவே, லிப்டில் இறங்கி வந்துவிட்டு, ‘ஐம்பது மாடி ஏறினேன்’ என்று பெருமை பேசுகிறவருக்குப் பாதிப் பயிற்சிதான் ஆகியிருக்கிறது.

இதற்கு ஓர் உபாயம் உண்டு. மணலுக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய குடுவைகளைச் சுமந்து மேலே ஏறுவது; உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு லேசாக இறங்குவது. முழங்கால் தப்பும். முதல் ஒரு மாதம் இப்படிச் செய்துவிட்டு, பிறகு கொட்டாமலே இறங்கிப் பழக வேண்டும். எட்டுக் கிலோவில் ஆரம்பித்து மெள்ள மெள்ளக் கூட்டலாம். மலைக்குப் போட்டுக்கொள்ளும் அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். புதுப் பூட்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்து மலையடிவாரத்தில் மாட்டிக்கொள்கிறவரின் குதிகாலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குறி பார்ப்பதற்கும் இந்தப் பயிற்சிக்கும் சம்பந்தம் உண்டு. மூச்சிரைக்க ஏறி வந்தவரின் இதயத்துடிப்பு துப்பாக்கி முனை வரை போகும். அதனால் சிலர் குன்றின் மேல் ஓடி ஏறி, நின்ற கையோடு குறி பார்த்துப் பழகுகிறார்கள். மானைக் காயப்படுத்திவிட்டுத் தவறவிடுவதைவிடப் பாவம் வேறில்லை என்பது நல்ல வேட்டைக்காரர்களின் எண்ணம்.

இதயம் என்றதும் இன்னொரு விஷயம். மிச்சிகன் மாநிலத்தில் டாக்டர்கள் 25 மான் வேட்டைக்காரர்களின் மார்பில் கருவியைப் பொருத்திக் காட்டுக்கு அனுப்பினார்கள். முடிவு 2007-ல் வெளியாயிற்று. ஆஸ்பத்திரியில் ஓடவிட்டுச் சோதித்தபோது எட்டிய உச்சத் துடிப்பையும், காட்டில் பத்துப் பேர் தாண்டிவிட்டார்கள்! நடை, பாரம் இழுப்பது எல்லாம் ஒரு பக்கம். மானைக் கண்ட பரபரப்பு ஒரு பக்கம். இத்தனைக்கும் மிச்சிகனில் கொலராடோவைப் போன்ற மலைகள் கிடையாது. வருஷம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, ஒரே வாரத்தில் மலையேறும் ஆசாமிகள் முதலில் டாக்டரிடம் போவது உத்தமம். மணல் மூட்டை அப்புறம்.

சரி, மான் விழுந்துவிட்டது. போட்டோ எடுத்தாகிவிட்டது. வேலை இனிமேல்தான்! சாப்பிடத் தக்க இறைச்சியை வீணாக விட்டு வருவது கொலராடோவில் குற்றம். சூடு ஆறுவதற்குள் தோலை உரித்து, இறைச்சியைக் குளிர விடாவிட்டால் கெட்டுவிடும். எலும்பு நீக்கிய பிறகும் ஒரு பெரிய ஆண் மானில் 100 கிலோ அளவுக்கு இறைச்சி தேறும். அதை யார் சுமப்பது? குதிரை வைத்திருப்பவர் பாக்கியசாலி. தனி மனிதர், நடைக்கு 25 கிலோ வீதம், நாலு நடை நடக்க வேண்டும். கூடாரம் மூன்று மைலில் இருந்தால் சுமையோடு நாலு தடவை இறங்க வேண்டும்; வெறுங்கையோடு மூன்று தடவை திரும்பி ஏற வேண்டும். ஆக 21 மைல்! இந்தக் கணக்கை ஜூன் மாதமே போட்டுப் பார்த்தவர்கள்தான் மணல் மூட்டையைத் தேடுகிறார்கள். போட்டுப் பார்க்காதவர்களில் சிலர், கூடாரத்துக்குப் பக்கத்திலேயே மான் வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் நீலகிரிக்குத் துப்பாக்கியோடு கிளம்பிவிடாதீர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் துரைமார்கள் அங்கே வரையாட்டைத் துரத்திக்கொண்டு பாறை பாறையாக ஏறியது உண்மைதான். ஆனால் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தக் கதை முடிந்தது. வரையாடு இப்போது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதைப் பார்க்கப் போகிறவர்களும் படி ஏறிப் பழகலாம். எட்டுக் கிலோ சுமைக்குச் சாப்பாட்டு மூட்டையே போதும்.