நாள்பட்ட நோயுடன் பிரசவம்: டூலாவின் துணை எதற்கு?

டூலா என்பவர் பிரசவ வலி தொடங்கியது முதல் குழந்தை பிறந்து தாய் தேறும்வரை கூடவே இருப்பதற்கென்று பயிற்சி பெற்ற பெண். அவர் மருத்துவர் அல்ல, செவிலியரும் அல்ல. ரத்த அழுத்தம் பார்ப்பதோ, ஊசி போடுவதோ, கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சோதிப்பதோ அவர் வேலையில் சேராது. வலி வரும்போது இடுப்பை அழுத்திப் பிடித்துவிடுவார். மூச்சை இழுத்து விடச் சொல்லித் தருவார். திரும்பிப் படுக்கவும் எழுந்து நடக்கவும் கைகொடுப்பார். மருத்துவர் அவசரத்தில் சொல்லிவிட்டுப் போனதை நிதானமாகப் புரியவைப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பெண்ணைத் தனியே விடமாட்டார்.

இந்தத் துணையின் பலனை மருத்துவ உலகம் அளந்தே பார்த்திருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களான மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் ஆகியோர் பங்கேற்ற குவாத்தமாலா ஆய்வு 1980இல் வெளியானது. முன்பின் அறியாத ஒரு பெண் பக்கத்தில் இருந்து பேசி, தடவிக் கொடுத்ததற்கே, சிக்கலில்லாமல் பிரசவித்தவர்களில் மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்கும்வரையான நேரம் சராசரி 19 மணியிலிருந்து 9 மணிக்கும் கீழே வந்தது. 2017இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 17 நாடுகளைச் சேர்ந்த 15,000க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை ஆராய்ந்தது. தொடர்ந்து துணை இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியனும் ஆயுதப் பிரசவமும் குறைகின்றன, வலி மருந்தின் தேவை குறைகிறது என்பது அதன் முடிவு. விரும்பிய ஒருவரைப் பிரசவத்தின்போது உடன் வைத்துக்கொள்ள எல்லாப் பெண்களையும் அனுமதிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது.

இந்த ஆய்வுகளில் பல, பெரிய நோய் எதுவும் இல்லாத கர்ப்பிணிகளை வைத்தே நடந்தவை. சர்க்கரை நோய், இதய வால்வுக் கோளாறு, வலிப்பு, லூபஸ் என்று ஏற்கெனவே ஒரு நோயோடு வாழும் பெண்களுக்கும் அதே அளவு பலன் கிடைக்கும் என்று கணக்குப் போட முடியாது. ஆனால் துணையின் தேவை அவர்களுக்குத்தான் அதிகம். நோய் இருந்தால் பிரசவ அறையில் கருவிகள் கூடுகின்றன, வந்து பார்ப்பவர்களும் கூடுகிறார்கள். மகப்பேறு மருத்துவர் ஒன்று சொல்வார், இதய மருத்துவர் இன்னொன்று கேட்பார், மயக்க மருத்துவர் மூன்றாவதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார். ஒவ்வொருவர் கவனமும் அவரவர் பொறுப்பில் உள்ள எண்ணின் மீது இருக்கும். அப்படி இருப்பதுதான் சரி. அந்த எண்களுக்குச் சொந்தக்காரியான பெண்ணை முழுதாகப் பார்ப்பதற்கும் ஒருவர் வேண்டும்.

டூலாவின் வேலை வலி வருவதற்குப் பல வாரங்கள் முன்பே தொடங்குகிறது. எந்த மாத்திரை எந்த நேரத்தில், எதற்கு ஒவ்வாமை, முன்பு எப்போது மயங்கி விழுந்தார், எந்த மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதையெல்லாம் தாயும் அவரும் உட்கார்ந்து ஒரே தாளில் எழுதிவைப்பது நல்லது. சாதாரணமாகத் தோன்றும் இந்தத் தாள் உயிர்காக்கும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் கொடுக்கும் மருந்துகளில் கார்போப்ரோஸ்ட் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. எர்கோமெட்ரின் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் ஆபத்து. பணி மாறி வந்த செவிலியரிடம், வலியில் துடிக்கும் பெண் “எனக்கு வீசிங் இருக்கு சிஸ்டர்” என்று நினைவாகச் சொல்வாரா? பக்கத்தில் இருப்பவர் சொல்லலாம். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வருபவருக்குப் பிரசவ நேரத்தில் கூடுதலாக ஸ்டீராய்டு ஊசி தேவைப்படலாம் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டிய செய்தி.

சர்க்கரை நோயை எடுத்துக்கொண்டால் இந்தத் துணையின் அருமை தெளிவாகத் தெரியும். இன்சுலின் போடும் பெண்களுக்குப் பெரும்பாலும் வலி தானாக வரும்வரை காத்திருப்பதில்லை. 37, 38 வாரங்களிலேயே மருந்து வைத்து வலியைத் தூண்டுகிறார்கள். தலைச்சன் பிள்ளை என்றால் இது இரண்டு நாள்கூட இழுக்கும். அந்தக் காத்திருப்பில்தான் பெண்கள் மனம் தளர்ந்துபோகிறார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் முதல் பிரசவத்துக்கு வந்த 420 பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், வலி தூண்டப்பட்டவர்களில் டூலா இருந்தவர்களுக்குச் சிசேரியன் 12.5 சதவீதமாகவும் இல்லாதவர்களுக்கு 58.8 சதவீதமாகவும் இருந்தது. வலி தூண்டப்பட்டவர்களின் எண்ணிக்கை சிறியது என்பதால் இதை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாலும், வித்தியாசம் கவனிக்கத்தக்கது.

வலி தீவிரமானதும் மணிக்கொரு முறை விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே சர்க்கரை இறங்கிவிட்டால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், கேட்டதற்குப் பதில் வராது. வலியின் உச்சத்தில் இருக்கும் எந்தப் பெண்ணும் ஏறக்குறைய அப்படித்தான் இருப்பார் என்பதால் இதைக் களைப்பு என்று எண்ணி விட்டுவிட வாய்ப்பு உண்டு. பல வாரங்களாகப் பழகி, சர்க்கரை இறங்கும்போது இவர் முகம் எப்படி மாறும் என்று கேட்டு வைத்திருக்கும் டூலா, “சிஸ்டர், ஒரு தடவை சுகர் பாருங்க” என்று உடனே குரல் கொடுப்பார். நஞ்சுக்கொடி வெளியேறியதும் உடலுக்குத் தேவையான இன்சுலின் அளவு சடாரென்று குறைந்துவிடும். அதனால் குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் எல்லாரும் இருக்கும் அந்த நேரத்திலும் தாயின் மேல் ஒரு கண் வேண்டும். குழந்தைக்கும் சர்க்கரை இறங்கக்கூடும் என்பதால் முதல் அரை மணிக்குள் பால் கொடுக்கச் சொல்கிறார்கள். தையல் வலியோடு படுத்திருக்கும் தாயிடம் குழந்தையைச் சரியாகப் பிடித்துக் கொடுத்துச் சீம்பால் குடிக்கவைப்பது டூலாவுக்குக் கைவந்த வேலை.

வலிப்பு நோயில் பிரச்சினை வேறு. தூக்கமின்மை, நீர்ச்சத்துக் குறைவு, தவறவிட்ட மாத்திரை, மூச்சை வேகவேகமாக விடுவது ஆகியவை வலிப்பைத் தூண்டும். பிரசவ வலியில் இந்த நான்கும் ஒன்றாக வந்து சேர்கின்றன. மாத்திரை நேரத்தை நினைவூட்டி, மருத்துவர் அனுமதித்த அளவுக்குத் தண்ணீர் கொடுத்து, இடைவெளியில் தூங்கவைப்பது பெரிய உதவி. ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்களுக்கு இடப்பக்கம் சாய்ந்து படுப்பது நல்லது, மூச்சைப் பிடித்து நெடுநேரம் முக்குவது கூடாது. சுற்றி நிற்பவர்கள் பழக்கத்தில் “முக்கும்மா, முக்கு” என்பார்கள். மருத்துவர் வகுத்த திட்டம் வேறு என்றால் அதைத் தாய்க்கு நினைவூட்டி அமைதிப்படுத்த ஆள் வேண்டும்.

பிரசவத்துக்குப் பிந்தைய நாட்கள்தான் அதிகம் கைவிடப்படும் காலம். குழந்தை பிறந்து மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் ரத்த அழுத்தம் உச்சத்துக்குப் போகலாம். அதற்குள் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள். கடும் தலைவலியும் பார்வை மங்கலும் வந்தால் தூக்கமில்லாததால் என்று தைலம் தேய்த்துவிட்டுப் படுப்பார்கள். ரத்த அழுத்தம் ஏறுவதால் வரும் பிரசவ வலிப்பான ஜன்னிக்கு முந்தைய அறிகுறி அதுவாகவே இருக்கலாம். கர்ப்பத்தில் தணிந்திருந்த முடக்குவாதம் பிரசவத்துக்குப் பின் முதல் சில மாதங்களில் திரும்பத் தாக்கும். விரல் மடங்காத தாய் குழந்தையைத் தூக்கவே சிரமப்படுவார். நம் ஊர்ப் பத்தியமும் யோசித்துச் செய்ய வேண்டியது. கருப்பட்டி சேர்த்துக் கிளறிய பிரசவ லேகியம் சர்க்கரை நோயாளிக்கு ஏற்றதல்ல. சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்துவைத்தால், இன்சுலின் போட்டுக்கொண்டு பாலும் கொடுக்கும் பெண்ணுக்குச் சர்க்கரை அபாயமாக இறங்கும். வீட்டுக்கு வந்து பார்க்கும் டூலா பாட்டியிடமும் மாமியாரிடமும் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்ல முடியும்.

எல்லையை மீறும் டூலா உதவியை விடத் தீங்கே அதிகம் செய்வார். இன்சுலினைக் குறைக்கச் சொல்வதும், இயற்கைப் பிரசவம்தான் உயர்ந்தது என்று சிசேரியனைத் தள்ளிப்போட வைப்பதும், மருத்துவமனையே வேண்டாம் என்பதும் குற்றத்துக்கு ஒப்பான செயல்கள். 2018இல் திருப்பூரில் வீட்டிலேயே நடந்த பிரசவத்தில் ஒரு பெண் உயிரிழந்ததைத் தமிழகம் பார்த்தது. இந்தியாவில் டூலாக்களுக்கென்று அரசு உரிமம் கிடையாது. ஆகவே அமர்த்துவதற்கு முன் எங்கே பயிற்சி பெற்றார், இதே நோயுள்ள பெண்களுக்குத் துணை இருந்திருக்கிறாரா, மருத்துவரோடு ஒத்துப்போவாரா, மருத்துவமனை அவரை உள்ளே விடுமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் கட்டணத்துக்குக் கிடைக்கும் இந்தச் சேவை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. ஆனால் தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் உறவுக்காரப் பெண் ஒருவரை அனுமதிக்கும் திட்டம் 2004ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மத்திய அரசும் 2016இல் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் இதை அறிவுறுத்தியது. உள்ளே போகப்போவது அம்மாவோ அக்காவோ சித்தியோ, யாராக இருந்தாலும் கடைசி மாதப் பரிசோதனைக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். மருந்துத் தாளை அவர் கையில் கொடுங்கள். எந்த அறிகுறி தெரிந்தால் உடனே செவிலியரைக் கூப்பிட வேண்டும் என்பதை மருத்துவர் வாயாலேயே அவருக்குச் சொல்லவையுங்கள்.