குறுகும் வாயில்

மாடிப்படி ஏறும் முதியவர் ஒருவர் பாதி வழியில் நின்று மூச்சு வாங்குகிறார். “வயதாகிவிட்டது” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, கைப்பிடியைப் பற்றியபடி மெல்ல மேலேறுகிறார். சில மாதங்களில் மாடிக்குச் செல்வதையே நிறுத்திவிடுகிறார். நாள்தோறும் கடைக்கு நடந்து சென்றவர், பேரனை அனுப்பத் தொடங்குகிறார். வீட்டில் எவரும் இதை நோயென்று கருதுவதில்லை. அந்த மூச்சிரைப்பு முதுமையின் விளைவாக இருக்கலாம். இதயத்தின் வாயில் ஒன்று சிறுகச் சிறுகக் குறுகிவருவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிவதில்தான் அவருடைய எஞ்சிய வாழ்நாள் அடங்கியிருக்கிறது. பெருந்தமனி வால்வுக் குறுக்கம் எனப்படும் இந்நோயை மருத்துவர்கள் எவ்வாறு கண்டறிகின்றனர், அதன் கடுமையை எவ்வாறு அளக்கின்றனர் என்பதைக் காண்போம்.

வாயிலின் அமைப்பு

நுரையீரலில் உயிர்வளி பெற்ற குருதி, இதயத்தின் இடது கீழறையை அடைகிறது. அவ்வறை சுருங்கும்போது குருதி பெருந்தமனிக்குள் பாய்ந்து உடலெங்கும் செல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே அமைந்த வாயிலே பெருந்தமனி வால்வு. பிறைநிலா வடிவிலான மூன்று மெல்லிய இதழ்களைக் கொண்டிருப்பதால் இது அரைச்சந்திர வால்வு எனப்படுகிறது. கீழறை சுருங்கும்போது இதழ்கள் விலகி வழிவிடுகின்றன. அறை விரியும்போது ஒன்றோடொன்று பொருந்தி, சென்ற குருதி திரும்பாதவாறு தடுக்கின்றன. ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை இவ்வாயில் திறந்து மூடுகிறது.

இதழ்களின் இவ்வியக்கத்தை ஓவியர் லியனார்டோ டா வின்சி ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தார். கண்ணாடியால் பெருந்தமனியின் மாதிரியை அமைத்து, நீரில் புல்விதைகளைக் கலந்து ஓட்டத்தைக் காணும் முறையைத் தம் குறிப்பேடுகளில் விளக்கியுள்ளார். இதழ்களுக்குப் பின்னால் தோன்றும் சுழல்கள் அவை மூடுவதற்குத் துணைபுரிகின்றன என்பது அவர் கண்ட உண்மை.

குறுகுவதற்கான காரணங்கள்

நலமுள்ளவர்களிடம் இவ்வாயில் திறந்திருக்கும்போது அதன் பரப்பு 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை இருக்கும். மூன்று காரணங்களால் அது குறுகுகிறது. முதலாவது, முதுமையில் இதழ்களின்மீது கால்சியம் படிந்து அவை தடித்து இறுகுதல். இரண்டாவது, பிறவியிலேயே மூன்று இதழ்களுக்கு மாறாக இரண்டே இதழ்கள் அமைந்திருத்தல். நூற்றுவரில் ஒருவர் அல்லது இருவருக்குக் காணப்படும் இவ்வமைப்பில் கால்சியம் படிவது முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. மூன்றாவது, இளம்வயதில் ஏற்படும் ருமாட்டிக் காய்ச்சல். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரியால் தோன்றும் தொண்டை அழற்சிக்கு உரிய மருத்துவம் செய்யாவிடில், உடலின் எதிர்ப்பாற்றலே வால்வுகளைத் தாக்கி, இதழ்களின் ஓரங்களை ஒட்டச்செய்துவிடுகிறது.

வாயில் குறுகினாலும் உடலின் தேவை குறைவதில்லை. எனவே, கீழறை முன்னைவிட வலிமையாகச் சுருங்கிக் குருதியை வெளியேற்றுகிறது. அதனால் அதன் தசைச்சுவர் தடிக்கிறது. இந்த ஈடுகட்டும் ஆற்றலால் பல ஆண்டுகள் வரை நோய் வெளியே தெரிவதில்லை. அவ்வாற்றல் தளரும்போது மூன்று அறிகுறிகள் தோன்றுகின்றன. உழைக்கும்போது நெஞ்சுவலி, உழைக்கும்போது மயக்கம், மூச்சிரைப்பு ஆகியனவே அவை.

1968ஆம் ஆண்டில் ஜான் ராஸ், யூஜின் பிரான்வால்ட் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் இந்நோயின் இயல்பான போக்கை விளக்கினர். அறுவை மருத்துவம் செய்யப்படாவிடில், நெஞ்சுவலி தோன்றியபின் சராசரியாக 5 ஆண்டுகளும், மயக்கம் தோன்றியபின் 3 ஆண்டுகளும், இதயச் செயலிழப்பு தோன்றியபின் 2 ஆண்டுகளுமே நோயாளி வாழ்கிறார் என்று அவர்கள் எடுத்துக்காட்டினர். அறிகுறியை முதுமை என்று ஒதுக்குவதால் நேரும் இழப்பு எத்தகையது என்பதை இவ்வெண்கள் உணர்த்தும்.

ஆகவே, “மூச்சு வாங்குகிறதா?” என்று கேட்பதோடு மருத்துவர் நிறைவடைவதில்லை. “சென்ற ஆண்டு செய்த வேலைகளில் எவற்றை இப்போது விட்டுவிட்டீர்கள்?” என்றும் கேட்கிறார். மாடி ஏறுவதை நிறுத்தியவருக்கு மூச்சு வாங்காது; அதனால் அவர் நலமாக இருக்கிறார் என்று பொருளாகாது.

கையும் காதும்

வினாக்களுக்குப் பின் மருத்துவர் நாடியைப் பார்க்கிறார். கழுத்துத் தமனியில் விரலை வைத்தால், இயல்பான நாடி சட்டென்று எழுந்து விரலைத் தொடும். குறுக்கம் கடுமையாக இருந்தால் நாடி மெலிந்து, தயங்கித் தயங்கி எழும். எனினும், முதியவர்களின் தமனிச்சுவர் இறுகியிருப்பதால் இவ்வடையாளம் மறைந்துபோவதும் உண்டு.

அடுத்து ஸ்டெதஸ்கோப் பயன்படுகிறது. 1816ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர் ரெனே லென்னெக், பெண் நோயாளி ஒருவரின் மார்பில் காதை வைத்துக் கேட்கத் தயங்கி, தாளைக் குழலாகச் சுருட்டிக் கேட்டதில் பிறந்தது இக்கருவி. மார்பெலும்பின் வலப்புறம், இரண்டாம் விலா இடைவெளியில் இதனை வைத்தால், குறுகிய வாயிலில் குருதி உராய்ந்து பாயும் கரகரப்பான ஒலி கேட்கும். முணுமுணுப்பு எனப்படும் அவ்வொலி மெல்லத் தொடங்கி, உயர்ந்து, பின் தணியும், கழுத்துவரை பரவும். நோய் முற்றும்போது ஒலியின் உச்சம் பிந்துகிறது. வால்வு மூடும் ஓசை மங்குகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஒலியின் உரப்பு நோயின் கடுமையைக் காட்டுவதில்லை. இதயம் தளர்ந்து, பாயும் குருதியின் அளவு குறைந்தால், ஒலியும் தணிந்துவிடும். முணுமுணுப்பு குறைந்தது கண்டு நோய் தணிந்தது என்று கருதினால் அது பெரும்பிழையாகும். இதய மின்னலை வரைபடமும் கீழறைத் தசை தடித்திருப்பதைத்தான் காட்டுமேயன்றி, வாயிலின் அளவைக் காட்டாது. ஆகவே, ஐயத்தை எழுப்புவது காது. அதனை உறுதிசெய்ய அளவீடு வேண்டும்.

மீயொலி காட்டும் காட்சி

சுவீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலர் ஹெல்முத் ஹெர்ட்ஸும், உலோகங்களின் உட்பிளவுகளைக் கண்டறியப் பயன்பட்ட மீயொலிக் கருவியை 1953ஆம் ஆண்டில் மனித இதயத்தின்மீது செலுத்திப் பார்த்தனர். இன்று எக்கோ என்று வழங்கப்படும் ஆய்வுக்கு அதுவே தொடக்கம். இதழ்கள் எத்தனை, எவ்வளவு தடித்துள்ளன, எவ்வளவு திறக்கின்றன, கீழறையின் சுவரும் ஆற்றலும் எந்நிலையில் உள்ளன என்பனவற்றை இவ்வாய்வு வலியின்றிக் காட்டுகிறது.

குருதியின் வேகத்தை அளக்க, 1842ஆம் ஆண்டில் கிறித்தியன் டாப்ளர் விளக்கிய விளைவு உதவுகிறது. நெருங்கி வரும் தொடர்வண்டியின் ஊதலொலி உயர்ந்தும், விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் கேட்கிறதன்றோ? அதுபோலவே, ஓடும் குருதியணுக்களில் பட்டுத் திரும்பும் மீயொலியின் அதிர்வெண் மாறுகிறது. அம்மாற்றத்திலிருந்து வேகம் கணக்கிடப்படுகிறது.

மூன்று அளவுகள்

தோட்டத்திற்கு நீர்பாய்ச்சும் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் நீர் விரைந்து பீறிடுகிறது. குறுகிய வால்விலும் இதுவே நிகழ்கிறது. நலமான வால்வில் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டராக இருக்கும் உச்சவேகம், குறுக்கம் கடுமையாகும்போது 4 மீட்டரைக் கடக்கிறது. இவ்வேகமே முதல் அளவு.

இரண்டாவது அளவு அழுத்த வேறுபாடு. டேனியல் பெர்னொலி 1738ஆம் ஆண்டில் வெளியிட்ட பாய்மவியல் கருத்தின் எளிய வடிவம் இங்குப் பயன்படுகிறது. வேகத்தின் இருமடியை நான்கால் பெருக்கினால், வால்வின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு மில்லிமீட்டர் பாதரச அளவில் கிடைக்கும். வேகம் 4 மீட்டர் எனில் உச்ச வேறுபாடு 64 ஆகும். கீழறை சுருங்கும் காலம் முழுவதற்குமான சராசரி 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் குறுக்கம் கடுமையானது.

மூன்றாவது அளவு வாயிலின் பரப்பு. வால்வுக்குச் சற்றுக் கீழே ஒரு துடிப்பில் பாயும் குருதியின் அளவும், வால்வின் வழியே பாயும் அளவும் சமம். கீழ்ப்பாதையின் விட்டம் 2 சென்டிமீட்டர் எனில் அதன் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். அங்கு வேகம் 1 மீட்டராகவும் வால்வில் 4 மீட்டராகவும் இருந்தால், 3.14ஐ 4ஆல் வகுக்க, வாயிலின் பரப்பு ஏறத்தாழ 0.8 சதுர சென்டிமீட்டர் என்று அறியலாம். 1 சதுர சென்டிமீட்டரோ அதற்குக் குறைவோ கடுமையின் அடையாளம்.

கணக்கு எளிது, அளத்தல் எளிதன்று. மேற்கண்ட விட்டத்தை 2 மில்லிமீட்டர் குறைத்து அளந்துவிட்டால், விடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். மீயொலிக் கற்றை குருதியோட்டத்திற்கு இணையாக அமையாமல் சாய்ந்திருந்தால், உண்மையான வேகத்தைவிடக் குறைந்த வேகமே பதிவாகும். எனவே, மார்பின் பல இடங்களிலிருந்து அளந்து, கிடைத்தவற்றுள் மிகுதியான வேகத்தையே ஏற்கின்றனர்.

அளவுகள் முரண்படும்போது

சிலரிடம் வாயிலின் பரப்பு 1 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். அழுத்த வேறுபாடோ 40ஐ எட்டாது. தளர்ந்த இதயம் போதிய குருதியைச் செலுத்தாமையால் வேகம் குறைந்திருக்கலாம்; அல்லது தள்ளும் வலிமையின்மையால் இதழ்கள் முழுமையாகத் திறவாதிருக்கலாம். இதனைத் தெளிய, இதயச் சுருக்கத்தை வலுப்படுத்தும் டோபுடமின் மருந்தைச் சிறிதளவு செலுத்தி மீண்டும் எக்கோ எடுக்கின்றனர். ஓட்டம் பெருகும்போது பரப்பும் விரிந்தால், குறை இதயத்தசையில் உள்ளது. பரப்பு விரியாமல் வேகம் மட்டும் உயர்ந்தால், குறை வால்வில் உள்ளது. அப்போதும் ஐயம் தீராவிடில், சி.டி. ஊடுகதிர் ஆய்வால் வால்வில் படிந்த கால்சியத்தை அளக்கின்றனர். அவ்வளவீட்டில் ஆண்களுக்கு 2000, பெண்களுக்கு 1200 என்னும் எண்களை எட்டினால் கடுமையான குறுக்கம் இருக்க வாய்ப்பு மிகுதி.

முடிவெடுக்கும் காலம்

குறுக்கத்தைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்றளவும் இல்லை. வால்வை மாற்றுவதே தீர்வு. திறந்த அறுவையின் வழியே மாற்றலாம். 2002ஆம் ஆண்டில் பிரான்சின் ரூவான் நகரில் அலைன் கிரிபியே முதன்முதலாகச் செய்துகாட்டியவாறு, குருதிக்குழாயின் வழியே நுண்குழலைச் செலுத்தியும் புதிய வால்வைப் பொருத்தலாம். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம் உருவாக்கிய செயற்கை வால்வு 1990ஆம் ஆண்டு முதல் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டு வருகிறது.

கடுமையான குறுக்கத்துடன் அறிகுறியும் இருந்தால் காலம் தாழ்த்தலாகாது. குறுக்கம் சிறிதெனில் 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், நடுத்தரமெனில் 1 அல்லது 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், கடுமையாக இருந்தும் அறிகுறி தோன்றாதெனில் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறையும் எக்கோ எடுத்துக் கண்காணிக்கின்றனர்.

கருவிகள் எத்துணை வளர்ந்தாலும், நோயாளி மருத்துவரை நாடிச் சென்றால்தான் அவை பயன்படும். படிக்கட்டின் பாதியில் ஒருவர் நிற்பதை முதலில் காண்பவர் மருத்துவர் அல்லர். அவருடன் ஒரே வீட்டில் வாழ்பவரே. “தாத்தா, முன்பெல்லாம் நிற்காமல் ஏறுவீர்களே?” என்று பேரன் கேட்கும் ஒரு கேள்வியிலிருந்தே இந்த ஆய்வு முழுவதும் தொடங்க முடியும்.