வெள்ளை வர்ணம் மஞ்சளாவது ஏன்?

கோடை விடுமுறை முழுவதும் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தைத் திறந்து பார்க்கும்போது, முந்தைய ஆண்டில் வெள்ளை எனாமல் பூசப்பட்ட அலமாரிக் கதவுகளின் உட்புறம் வெண்ணெய் நிறமாக மாறியிருப்பதைக் காணலாம். அதே டப்பாவிலிருந்து அதே நாளில் பூசப்பட்ட ஜன்னல் சட்டங்களில் வெளிச்சம் படும் பக்கமோ வெண்மை குன்றாமல் இருக்கும். வர்ணம் மட்டமானது என்று விற்றவர்மீதோ, கலப்படம் செய்துவிட்டார் என்று பூசியவர்மீதோ பழி விழுவது வழக்கம். அழுக்கு என்று கருதிச் சிலர் சோடா உப்பு இட்டுத் தேய்ப்பதும் உண்டு. பெரும்பாலும் இவ்விரண்டுமே பொருந்தா. இந்த மஞ்சள் நிறம் வெளியிலிருந்து வந்து படிந்ததன்று. வர்ணத்தில் அடங்கிய எண்ணெயிலேயே தோன்றியது. அது வளர இடம் கொடுப்பது வெளிச்சமன்று, வெளிச்சமின்மையே.

வெள்ளை வர்ணத்தில் முக்கியமான பகுதிகள் இரண்டு. ஒன்று வெண்மையைத் தரும் தூள். இக்காலத்தில் அது பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்ஸைடு. இத்தூள் தன் நிறத்தை இழப்பதில்லை. மற்றொன்று தூளை மரத்தோடு பிணைத்து வைக்கும் எண்ணெய் அல்லது எண்ணெய் கலந்த பிசின். ‘சிந்தெடிக் எனாமல்’ என்ற பெயரைக் கண்டு அதில் எண்ணெய் இல்லை என எண்ணலாகாது. அதில் உள்ள ஆல்கைட் என்னும் பிசினே தாவர எண்ணெயைச் சேர்த்துச் செய்யப்படுவதாகும்.

எண்ணெய் வர்ணம் காய்வது ஈரத்துணி காய்வதைப் போன்றதன்று. வர்ணத்தை இளக்குவதற்காகச் சேர்த்த டர்பன்டைன் போன்ற திரவம் ஆவியாகிச் சென்றபின், எஞ்சிய எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவைக் கவர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான படலமாகிறது. ஆளிவிதை எண்ணெய் விரைவில் காய்வதற்குக் காரணம், அதிலுள்ள கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலோ லினோலெனிக் அமிலமாக இருப்பதே. இவ்வமிலத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. பிராணவாயு தாக்குவதற்கு அவையே வாசல். ஆனால் அதே வாசல் வழியாக வேறொரு விளைவும் நேர்கிறது. கைக்குக் காய்ந்துவிட்டதாகத் தோன்றிய பிறகும் பிராணவாயுவுடன் சேர்க்கை மாதக்கணக்கில் நடந்துகொண்டிருப்பதால், நீல ஒளியை விழுங்கும் சில பொருள்கள் படலத்தில் சிறுகச் சிறுகச் சேர்கின்றன. வெள்ளொளியில் நீலம் குறைந்தால் கண்ணுக்குத் தெரிவது மஞ்சள். விரைவில் காயும் குணமும் மஞ்சளாகும் குணமும் ஒரே வேரில் கிளைத்தவை.

வெளிச்சம் இப்பொருள்களைச் சிதைத்து நிறமற்றவையாக்குகிறது. ஆகவே வெளிச்சம் உள்ள இடத்தில் மஞ்சள் உண்டாக உண்டாக வெளுத்துவிடுகிறது. இருட்டில் சேர்ந்துகொண்டே போகிறது. அலமாரியின் உட்புறம், கதவின் பின்பக்கம், மாட்டிய படத்தால் மறைக்கப்பட்ட பலகை ஆகியவை முதலில் மஞ்சளாவது இதனால்தான். ஓவியர்கள் இதனை நெடுங்காலமாக அறிவர. பிளாண்டர்ஸ் நாட்டு ஓவியர் ரூபன்ஸ், பெட்டியில் அடைத்து அனுப்பப்பட்ட தம் ஓவியம் மஞ்சளாகியிருக்கக்கூடும் என்றும், அதனை வெயிலில் வைத்தால் சீராகும் என்றும் 1629-ஆம் ஆண்டிலேயே தம் நண்பர் பெரெஸ்க் என்பவருக்கு எழுதியிருக்கிறார்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். இரண்டு சிறு மரத்துண்டுகளில் ஒரே வெள்ளை எனாமலைப் பூசி, நன்கு காய்ந்தபின் ஒன்றை ஜன்னலருகிலும் மற்றொன்றை மூடிய இழுப்பறையிலும் வைக்க வேண்டும். சில மாதங்கள் கழித்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து, பின்னர் இடம் மாற்றி வைக்க வேண்டும். மஞ்சளான துண்டு ஜன்னலருகில் மெல்ல வெளுப்பதைக் கண்ட மாணவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. பொறுமை மட்டும் வேண்டும். ஒரு வாரத்தில் முடியும் சோதனையன்று.

சுவர்களில் இவ்விளைவு காணப்படாததற்குக் காரணம், சுண்ணாம்பிலும் எமல்ஷன் வர்ணத்திலும் காயும் எண்ணெய் இல்லாமையே. மரம் பருவத்துக்கேற்ப விரிந்து சுருங்குவது. கைபட்டு அடிக்கடி துடைக்கப்படுவது. எனவே வழவழப்பும் உறுதியும் வேண்டி மரத்துக்கு எனாமல் பூசுகின்றனர். இங்கே வேலை செய்யும் வரிசையும் கவனத்துக்குரியது. எமல்ஷன் வர்ணங்கள் பலவற்றிலிருந்து காயும்போது அம்மோனியா வெளிப்படும். அந்த வாயு புதிய எண்ணெய்ப் படலத்தை விரைவாக மஞ்சளாக்கும். கதவுகளுக்கு எனாமல் பூசிய கையோடு சுவருக்கு எமல்ஷன் அடித்து அறையைச் சாத்திவிட்டால், சில நாட்களிலேயே கதவுகள் நிறம் மாறக்கூடும். சுவரை முதலில் முடித்து, காற்றோட்டமாகக் காயவிட்டு, மரவேலையைக் கடைசியில் எடுத்துக்கொள்வதே முறை. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களையும் வெள்ளை எனாமலில் உபயோகிக்கலாகாது. சமையலறையின் வெப்பமும் மஞ்சளாவதை விரைவுபடுத்தும்.

எல்லா மஞ்சளும் எண்ணெயின் மஞ்சளன்று. ஓர் ஓரத்தை மிதமான சோப்பு நீரால் துடைத்துப் பார்க்க வேண்டும். நிறம் துணியில் வந்தால் அது அடுப்புப் புகையோ ஊதுபத்திப் புகையோ ஆகும். தேவதாரு போன்ற மரங்களில் வட்ட வட்டமாகப் பழுப்பு நிறம் தோன்றினால், அது கணுவிலிருந்து கசியும் பிசின். அரக்கு வார்னிஷால் கணுவை அடைத்த பின்னரே வர்ணம் பூச வேண்டும். துடைத்தும் போகாமல், இருண்ட இடங்களில் மட்டும் சீராகப் பரவியிருப்பதே எண்ணெயின் மஞ்சள். அதனைச் சோடா உப்பால் தேய்த்தால் காரம் படலத்தையே அரித்துவிடும். மஞ்சள் போகாது, பளபளப்புத்தான் போகும்.

வெண்மை நிலைக்க வேண்டுமானால் எண்ணெயின் வகையைக் கவனிக்க வேண்டும். சோயா மொச்சை எண்ணெயில் லினோலெனிக் அமிலம் குறைவு. குசும்பா எண்ணெயில் மிகச் சொற்பம். உலகிலேயே மிகுதியாக ஆமணக்கு விளைவிக்கும் நம் நாட்டுக்கு மற்றொரு வழியும் உண்டு. ஆமணக்கெண்ணெய் இயல்பில் காயாதது. ஆனால் தக்க ஊக்கியுடன் சூடாக்கி, அதன் மூலக்கூறிலிருந்து நீரின் கூறுகளை நீக்கினால், புதியதோர் இரட்டைப் பிணைப்பு உண்டாகி அது காயும் எண்ணெயாகிறது. இவ்வெண்ணெயில் செய்த வர்ணம் ஆளிவிதை எண்ணெய் வர்ணத்தைவிடக் குறைவாகவே மஞ்சளாகும். இருண்ட அலமாரிகளுக்கு நீரில் கரைத்துப் பூசும் அக்ரிலிக் எனாமல் இன்னும் ஏற்றது. வெள்ளையில் சிறிது நீலம் கலப்பது வர்ணம் பூசுவோரின் பழைய தந்திரம். அது மஞ்சளை மறைக்குமேயன்றித் தடுக்காது, வெண்மையையும் சற்று மங்கச் செய்யும்.

மஞ்சளான பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு மறுபூச்சு பூச முற்படுவோர் ஒன்றை மறத்தலாகாது. பழைய எண்ணெய் வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட விதிகளின்படி, வீட்டு உபயோக வர்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சம் பங்குக்கு 90 பங்கு என வரையறுக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூசி சிறு குழந்தைகளின் உடலில் சேர்ந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பூச்சு உறுதியாக இருந்தால் அதனைச் சுரண்டாமல் மேற்பூச்சு பூசுவதே மேல். தேய்த்தே ஆக வேண்டுமெனில் நனைத்துத் தேய்த்து, வேலை முடியும்வரை குழந்தைகளை அறைக்குள் விடாமல், உதிர்ந்தவற்றை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அவர்கள் கைபடாத இடத்தில் அப்புறப்படுத்த வேண்டும்.