அமிலாய்டோசிஸ்: நோய் திரும்பும் நேரமும் ஆயுளும்

ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ 10 பேருக்கு வரும் அரிய நோய் ஏ.எல். அமிலாய்டோசிஸ். சிறுநீரில் நுரை, கால் வீக்கம், மூச்சுவாங்கல், நாக்குத் தடிப்பு எனப் பல வேடங்களில் வருவதால், கண்டுபிடிக்கவே பலருக்கு மாதக்கணக்கில் ஆகிவிடுகிறது.

மஜ்ஜையில் தொடங்கும் கோளாறு

எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்களில் ஒரு கூட்டம் கெட்டுப்போய், 'லைட் செயின்' என்ற புரதத்தைத் தவறாக மடித்து ரத்தத்தில் கொட்டுகிறது. அது இழை இழையாக இதயத்திலும் சிறுநீரகத்திலும் நரம்புகளிலும் படிகிறது. மருந்துகள் அந்தப் புரத உற்பத்தியைத்தான் நிறுத்துகின்றன. ஏற்கெனவே படிந்ததை உடல் மெதுவாகத்தான் அகற்றும். உறுப்பு தேற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

2021-இல் வெளியான ஆண்ட்ரோமெடா ஆய்வில், வழக்கமான மருந்துகளோடு டாராடுமுமாப் சேர்த்தபோது ரத்தத்தில் நோய் முழுமையாக அடங்கியவர்கள் 18 சதவீதத்திலிருந்து 53 சதவீதமாக உயர்ந்தார்கள். ஆனாலும் நோய் திரும்பலாம்.

சீக்கிரம் திரும்பினால்

ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு இரண்டு ஆண்டுக்குள் நோய் திரும்பியவர்களைவிட, பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்கள் பொதுவாக நீண்ட காலம் வாழ்கிறார்கள். சீக்கிரம் தலைதூக்கும் செல்கள் பெரும்பாலும் மருந்துக்கு அடங்காதவை. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, இதயம் தேறுவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடுகிறது என்பதுதான். தாமதமாகத் திரும்பியவருக்கு முன்பு பலன் தந்த மருந்தையே மீண்டும் கொடுத்துப் பார்க்கலாம். சீக்கிரம் திரும்பியவருக்கு வேறு வகை மருந்துக்கு மாறுவார்கள். இதெல்லாம் பலரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. ஒருவரின் நாளை எண்ணிச் சொல்ல உதவாது.

ரத்தம் முதலில் சொல்லும்

நோய் திரும்பும்போது லைட் செயின் அளவு முதலில் ஏறும். உறுப்பு கெடுவது வழக்கமாக மாதங்கள் கழித்துத்தான். இதயம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டவருக்கு அந்த இடைவெளி விலைமதிப்பற்றது. என்.டி.-புரோ பி.என்.பி. என்ற இதயப் பரிசோதனை அளவு உயரும்வரை காத்திருப்பது ஆபத்து. லைட் செயின் அளவு லேசாக ஏறி, உறுப்புகள் நன்றாக இருந்தால் மருத்துவர் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கவும் செய்வார்.

"உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவோர் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். லைட் செயின் பரிசோதனையை முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் செய்யுங்கள். ஆய்வக முறைக்கு ஏற்ப எண்கள் மாறும். சிறுநீரகம் பழுதானாலும் அளவு உயரும். பழைய அறிக்கைகளையும் கையோடு கொண்டுபோனால், ஏற்றம் உண்மையானதா என்று ரத்தவியல் மருத்துவர் ஒப்பிட்டுப் பார்ப்பார்.